நீராவிக்குள் சொன்ன புத்தகம்

அன்புள்ள சிந்த்ரி அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் முதலில் பார்த்தது தபால்தலையைத்தான், அது தலைகீழாக ஒட்டியிருந்தது. உள்ளே நலமாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம், ஆனால் தபால்தலையை அளவெடுத்தது போல் ஒட்டுகிறவன் நீ, அதனால் உன் நலத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் வலது மணிக்கட்டைத் தவிர. போன மாதம் நம் படகு ஸ்வாலாவின் மேல்தளத்தில் உறைந்திருந்த பனியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்துவிட்டார், எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. பயப்படாதே, வலியை விட வேலை செய்ய முடியாததுதான் அவருக்கு நோய். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் உனக்கு எழுதும் கடிதத்தை இந்த முறை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். போனில் பேசலாமே என்று கேட்காதே. போனில் நீங்கள் பேசுவது எனக்குத் தெரியும், இங்கே வடகிழக்குக் காற்று, சிலியில் என்ன காற்று என்று கேட்டு வைத்துவிடுவார், நீயும் காற்றைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய்.

அப்பா சொன்னது இவ்வளவு. காட் மீன் இந்த வருடம் குடாவின் வாய் வரை வந்தது, நல்ல கொழுப்போடும் இருந்தது. மலைச்சாலை இதுவரை இரண்டு முறை பனியில் மூடியது. அம்மாவின் கல்லறையில் கிறிஸ்துமஸ் விளக்கு வைத்தாயிற்று, பக்கத்துக் கல்லறைக்காரர்கள் இந்த வருடம் நீல விளக்கு வைத்திருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. அங்கே இப்போது கோடை என்றாலும் கடல் கடல்தான், மீன்பண்ணைக் கூண்டுகளுக்குப் போகும்போது காதை மூடிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் வலிக்கும். உன் கூண்டு மீன்கள் சுகமா. ஐந்து வருட ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய், உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன்.

இதைச் சொல்லி முடித்ததும் பூட்ஸை இடது கையால் இழுத்துப் போட்டுக்கொண்டு படகுச் சமையல்காரர் கிஸ்லி வீட்டுக்குக் காபி குடிக்கப் போய்விட்டார், வந்து இடது கையால் கையெழுத்துப் போடுகிறாராம். இனி வருவது நான் எழுதுவது. அண்ணா, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் நாலைந்து முறை படித்தேன். நான் திரும்பி வர வேண்டும் என்று அங்கே யாராவது நினைத்தால் இப்போதே சொல்லட்டும், இல்லையென்றால் ஜனவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தாய். யாராவது என்று நீ எழுதியது யாரை என்று இந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு அப்பா சொன்ன பதிலை நீ எப்படிப் படிப்பாய் என்றும் எனக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்பு சமையலறை மேசையில் அந்தச் சண்டை நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். "மீனுக்குத் தீனி போடுறவன் மீனவனா? அதுக்குக் கோழிப்பண்ணை வைடா, காலாவது நனையாது" என்று அப்பா சொன்னார், "உங்க கண்ணுல படாத இடத்துல போய்த் தீனி போடுறேன்" என்று நீ சொன்னாய். நீ புறப்பட்ட அக்டோபர் காலையில் அப்பா இருட்டிலேயே படகை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். தபால் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் நீ மூன்று முறை படகுத்துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் எண்ணினேன். மூன்றாவது முறைக்குப் பிறகு உன் முகம் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, வியாழக்கிழமை வெந்நீர்த் தொட்டியில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுமையாகப் படி.

நான் ஏன் படிப்பை விட்டேன் என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய், நானும் ஒவ்வொரு முறையும் காலநிலையை எழுதித் தப்பித்துவிடுகிறேன், அப்பாவின் மகள்தானே. உண்மை சின்னது. நகரத்துப் பள்ளியில் ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். நான் நிற்பேன், கடிகாரம் ஓடும், எனக்குப் பேச்சு வராது. அந்தக் குளிர்காலத்தில் பதினோரு முறை அப்படி நின்றேன். வசந்தத்தில் அதே தபால் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது மீன் ஆலையில் விளக்கு மேசையில் வேலை. கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும், மேலே மீன் துண்டை விரித்துப் புழு இருந்தால் கத்தி முனையால் எடுக்க வேண்டும். நாள் முழுக்க ஒளி ஊடுருவும் வெள்ளைச் சதையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே ஏதோ எழுதியிருப்பது போலவும் இன்னும் கொஞ்சம் குனிந்தால் படித்துவிடலாம் போலவும் தோன்றும். காபி வேளையில் நிஜப் புத்தகம் படிப்பேன். கதைப் புத்தகங்களை விட மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதியதுதான் எனக்குப் பிடிக்கிறது. கதையில் வருகிறவர்களுக்கு எந்த நேரத்தில் என்ன பேச வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அன்றைக்குச் சொல்ல வராமல் போனதைத்தான் வயதான பிறகு உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

ஸ்டெய்ன்வோரை உனக்கு நினைவிருக்கும், செவ்வாயும் வெள்ளியும் நூலகம், மற்ற நாட்களில் நீச்சல் குளம், இரண்டு இடத்திலும் அதே விசில் கழுத்தில். செப்டம்பரில் நூலகத்துச் சூடேற்றும் குழாய் வெடித்து அறை முழுக்க நனைந்துவிட்டது. வாழ்க்கை வரலாற்று அலமாரி மட்டும் உயரத்தில் இருந்ததால் தப்பித்தது. குழாய் சரியாகும் வரை பிள்ளைகளின் வாசிப்பு வட்டத்தை அவர் குளத்தின் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டிக்கு மாற்றிவிட்டார், அது எல்லோருக்கும் பிடித்துப்போய், குழாய் சரியான பிறகும் யாரும் திரும்பிப் போகவில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு இருட்டியதும் வெந்நீருக்குள் கூடுவார்கள். பதினைந்திலிருந்து பதினெட்டு வயது உள்ளவர்கள் ஆளுக்கொரு நிஜ மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளைகள் கேட்டுவிட்டு எந்தப் புத்தகம் வேண்டுமோ அதற்குக் கையைத் தூக்க வேண்டும், மணிக்கட்டில் பூட்டுச் சாவி கோத்த ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா, அதில் உள்ள எண்ணை ஸ்டெய்ன்வோர் பலகையில் குறித்துக்கொள்வார், அந்த வரிசையில் புத்தகம் கிடைக்கும். கிறிஸ்துமஸ் பரிசாக எந்தப் புத்தகம் கேட்பது என்று வீட்டில் சண்டை போடுகிற மாதம் இது, அதனால் கூட்டம் அதிகம். விதிகள் இரண்டுதான். பேசுகிறவரின் முகம் வெந்நீரில் சிவந்துவிட்டால் பேச்சு முடிந்தது. புத்தகத்தின் முடிவைச் சொல்லக் கூடாது. இரண்டாவது விதி வந்த அன்றே பத்து வயது எம்ப்லா, பேக்கரிக்காரரின் மகள், எழுந்து நின்று, "வாழ்க்கை வரலாறுன்னா முடிவு எல்லாருக்கும் தெரியுமே, செத்துப்போவாங்க" என்றாளாம். பெரிய பிள்ளைகளில் ஒருவனான இல்லுகி அவளிடம், "தானே எழுதினவங்க சாக மாட்டாங்க, செத்துட்டா அத யாரு எழுதுறது" என்றானாம். அதற்குப் பிறகு அவள் அவனை எதிலும் நம்புவதில்லை.

என்னையும் ஸ்டெய்ன்வோர் ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவார். நான் பள்ளியில் இல்லையே என்று சொன்னால், "இது பள்ளிக்கூடம் இல்லடி, வெந்நீர்த் தொட்டி" என்பார். எனக்கு வாயைத் திறக்கும் முன்பே முகம் சிவந்துவிடுமே, முதல் விதிப்படி என் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடும் என்றேன். "ஆவியில யாருக்குத் தெரியப்போகுது" என்றார். போன வாரம் ஏனோ சரி என்று சொல்லிவிட்டேன், சொன்னதிலிருந்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை, உருளைக்கிழங்கு கூட. போன வியாழன் குளத்து வாசலில் காலணி அடுக்கில் ஒரு பூட்ஸில் நாடாவுக்குப் பதில் பச்சை வலைக்கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தேன். ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள், நான் ஒன்றும் நினைக்காமல் உள்ளே போனேன்.

காற்றே இல்லை. பெரிய பெரிய பனித்துகள்கள் நேராக இறங்கி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே ஆவியில் பட்டு ஒன்றுமில்லாமல் போயின. விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் ஆவிக்குள் பால் போல நின்றது. பக்கத்தில் இருப்பவரின் தோள் வரை தெரியும், அதற்கு அப்பால் குரல்கள்தான். முதலில் இல்லுகி பேசினான், மலையேறப் போய் மூன்று கால்விரல்களை இழந்த ஒருவரின் புத்தகம். எந்தெந்த விரல் என்று அவன் தன் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே எம்ப்லா, "சிவந்துட்டான், சிவந்துட்டான், இறால் மாதிரி ஆயிட்டான்" என்று கத்தினாள், ஸ்டெய்ன்வோர் விசில் ஊதினார். அடுத்து ஹுக்ரூன், குதிரையில் மலை தாண்டிப் போய்ப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஒருத்தியின் கதையைச் சொன்னாள். ஆறு கைகள் உயர்ந்தன. பிறகு ஸ்டெய்ன்வோர் என் பெயரைச் சொன்னார்.

யாரையும் பார்த்துப் பேச என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும். எங்கே பார்ப்பது என்று தேடினேன். தொட்டியின் எதிர் ஓரத்தில், கல் விளிம்பின் மேல், ஆவிக்குள் வெள்ளையாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது, கடற்காகம் போல, சிறகை ஒடுக்கிக்கொண்டு, அசையாமல். வெந்நீர்ச் சூட்டுக்கு வந்திருக்கிறது போலும் என்று நினைத்தேன். மனிதர்களிடம் சொல்ல வேண்டாம், அதனிடம் சொல்லலாம் என்று தோன்றியதும் குரல் வந்துவிட்டது. புத்தகத்தின் பெயரைச் சொன்னேன், ‘அடுப்பும் அலையும்’. தொட்டி முழுக்கச் சிரிப்பு. கிஸ்லி எழுதிய புத்தகம்தான் அண்ணா, முப்பது வருடம் மீன்பிடிப் படகுகளில் சமைத்ததைப் பற்றி அவரே எழுதி நீ போன பிறகு இருநூறு பிரதி அச்சடித்தாரே, உனக்குக்கூட எழுதியிருந்தேனே, நூற்றறுபது இன்னும் அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதே, அதேதான். "எங்க வீட்டுல அது ஜன்னலுக்கு முட்டுக்குடுத்திருக்கு" என்று யாரோ சொன்னார்கள். "எங்க வீட்டுல நாப்பதாம் பக்கம் வரைக்கும் படிச்சாங்க, எல்லாம் மீன் உருண்டை" என்று இன்னொரு குரல். கிஸ்லியும் தொட்டியில்தான் இருந்தார், தினமும் இருப்பவர்தானே, "உருண்டை நல்லா வந்துதா இல்லையா, அதச் சொல்லு" என்றார். நான் பறவையைப் பார்த்து, நாற்பதாம் பக்கத்தில் நிறுத்தியவர்கள் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தை இழந்துவிட்டார்கள் என்றேன். "சத்தமா சொல்லு, ஆவி உன் வார்த்தையத் தின்னுது" என்றாள் எம்ப்லா. சத்தமாகச் சொன்னேன், நானா என்று எனக்கே தெரியவில்லை, கனவில் யாரோ பேசுவது போல இருந்தது.

இந்தப் புத்தகத்தில் யாரும் மலை ஏறவில்லை, யாருக்கும் விரல் போகவில்லை என்றேன். வடக்கே எங்கோ ஒரு குடா, அங்கே சிவப்புப் படகு வைத்திருந்த ஒரு கேப்டன். அவருக்கும் மகளுக்கும் சண்டை, மகள் உலகத்தின் அந்தப் பக்கம் போகிறாள். அவள் போகிற காலையில் கேப்டன் சமையல்காரரை எழுப்பி வா என்று படகை எடுக்கிறார். வலை இல்லை, தூண்டில் இல்லை, தூண்டில் இரை கூட ஏற்றவில்லை. என்ன பிடிக்கப் போகிறோம் என்று கேட்டால் கேப்டன் கயிற்றை அவிழ்க்கிறார். எதிர்க்கரைப் பக்கமாகப் போய் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் தபால் பஸ்ஸின் இரண்டு விளக்கு ஊரை விட்டுப் புறப்படுவது தெரிகிறது. பஸ் கரையோரமாகக் குடாவைச் சுற்றிப் போகிறது, படகும் அதே வேகத்தில் தண்ணீரில் கூடவே போகிறது. பஸ் மெதுவாகப் போனால் படகும் மெதுவாக. பாலத்தில் பஸ் நின்றால் படகும் நிற்கிறது. மகள் விட்டுவிட்டுப் போன கையுறையைக் கேப்டன் ஒரு கையில் பிடித்திருக்கிறார், மறு கையில் சுக்கான். சமையல்காரர் மூன்று முறை காபி போட்டுக் கொடுக்கிறார், மூன்றும் ஆறிப்போகிறது. பஸ் மலைச்சாலையில் ஏறி விளக்கு மறைந்த பிறகு கேப்டன் ஒரே வார்த்தைதான் சொல்கிறார், திரும்பலாம். ஊரில் எல்லோரும், பெற்ற மகளை வழியனுப்பக்கூட வராதவர் என்று அவரைப் பேசினார்கள், அவர் மறுக்கவில்லை. அடுத்த பக்கத்தில் மறுபடி மீன் உருண்டை வருகிறது. அவ்வளவுதான், ஆனால் நான் அந்தப் பக்கத்தை எட்டு முறை படித்தேன் என்று சொல்லி முடித்தேன். பனி இறங்கும் சத்தம் கேட்பது போல இருந்தது.

அப்போது பறவை இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல், "கையுறை இல்ல. தொப்பி" என்றது. கொஞ்சம் பொறுத்து, "காத மூடுற தொப்பி" என்றது.

அண்ணா, அது பறவை இல்லை. மாவுக்கட்டு நனையாமல் இருக்க ரொட்டிப் பையைச் சுற்றிக் கட்டி விளிம்பின் மேல் தூக்கி வைத்திருந்த அப்பாவின் கை. ஸ்டெய்ன்வோர் அவரிடம் இன்றைக்கு உன் மகள் பேசப்போகிறாள் என்று சொல்லியிருக்கிறார், நான் பார்த்தால் வாய் மூடிவிடுவேன் என்று தெரிந்து அவர் முன்னாலேயே வந்து ஆவி அதிகமான மூலையில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் பார்த்த பச்சைக் கயிறு பூட்ஸும் அவருடையதுதான். நான் எந்தப் புத்தகம் சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அவரும் நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்தியவர்தான். ஆவியின் இன்னொரு மூலையிலிருந்து கிஸ்லி, "அடப்பாவி ஆஸ்பியோர்ன், உன்ன யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு குடாவ மாத்தினேன், படகோட நிறத்த மாத்தினேன், மகன மகளாக்கினேன், தொப்பியக்கூட விடல. எல்லாத்தையும் மாத்திக் குடுத்தா நீயே வந்து மாட்டிக்கிறியே" என்றார். அதற்கு அப்பா, "தப்பா எழுதியிருந்தா தப்புன்னுதான் சொல்லணும், பிள்ளைங்க படிக்கிற புத்தகம்" என்றார். எம்ப்லா தண்ணீருக்குள் நடந்து அவர் பக்கம் போய், "அப்ப அந்தக் கேப்டன் நீங்கதானா" என்று கேட்டாள். "நான் தொப்பின்னு மட்டும்தான் சொன்னேன்" என்றார் அப்பா. "போனவர் திரும்பி வந்தாரா?" ஸ்டெய்ன்வோர் பலகையைத் தட்டி, "முடிவக் கேக்கக் கூடாது எம்ப்லா, விதி" என்றார். அப்பா, "அது இன்னும் முடியலம்மா" என்றார். அன்றைக்கு என் புத்தகத்துக்குப் பதினான்கு கைகள் உயர்ந்தன, ஒரு பிள்ளை இரண்டு கையையும் தூக்கியதாக ஸ்டெய்ன்வோர் சொல்கிறார், எனக்கு ஆவியில் வளையங்கள் மட்டும்தான் தெரிந்தன, சிவப்பும் மஞ்சளுமாக, மிதப்பது போல. மறுநாள் கிஸ்லி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி புத்தகத்தைத் தள்ளுவண்டியில் வைத்து நூலகத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாராம். கையுறை என்று வருகிற இடத்திலெல்லாம் அடித்துவிட்டுத் தொப்பி என்று பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். ஈரத் தலைமுடி உறைந்து, நான் தலையைத் திருப்பினால் கண்ணாடி மணிகள் போலச் சத்தம் கேட்டது. தேவாலயம் தாண்டியதும் நான்தான், இதை ஏன் அண்ணனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், ஒரே நாளில் இரண்டாவது முறை வாயைத் திறந்துவிட்டேன் பார். "என்னத்தச் சொல்றது? பஸ்ஸுக்குப் பின்னாடி படகுல வந்தேன்னா? சிரிப்பான்" என்றார். பிறகு கதவைத் திறக்கும்போது கதவிடம் சொல்வது போல, "இறங்கி வந்து நின்னிருக்கலாம். வார்த்த வரல" என்றார். அண்ணா, எனக்கு வகுப்பில் ஏன் வார்த்தை வரவில்லை என்று அந்த நேரத்தில் புரிந்தது, அது யாரிடமிருந்து வந்தது என்றும். உன்னிடமும் கொஞ்சம் இருக்கிறது, தபால்தலையைத் தலைகீழாக ஒட்டுகிறவர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் இல்லை. தொப்பி எங்கே என்று கேட்டேன். ஸ்வாலாவின் சுக்கான் அறையில், திசைகாட்டிக்குப் பக்கத்து ஆணியில் என்றார். நாலு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்பாவுடையது என்றே நினைத்தேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அன்றைக்குப் பஸ்ஸில் நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய்? வலப்பக்கம் என்றால் மலை ஏறும் வரை தண்ணீர் உன் ஜன்னலில்தான் இருந்திருக்கும். விளக்கில்லாத ஒரு படகை இருட்டில் நீ பார்த்திருக்க மாட்டாய், ஆனால் இப்போது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம், நான் பார்க்கிறேன், விளக்கு மேசையில் குனியும்போதெல்லாம் தெரிகிறது, இரண்டு வெளிச்சப் புள்ளிகள் கரையோரம் போகின்றன, அவற்றோடு கறுப்பாக ஒன்று தண்ணீரில் போகிறது. இந்தக் கடிதத்தோடு கிஸ்லியின் புத்தகம் ஒன்றை அனுப்புகிறேன், நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் காலுறையில் இருந்து எடுத்த கம்பளி நூல் வைத்திருக்கிறேன். வாழ்க்கை வரலாறு படிக்க நான் யாருக்காவது சிபாரிசு செய்வதென்றால் உனக்குத்தான். முடிவை நான் சொல்லக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு. கூண்டுகளுக்குப் போகும்போது காதை மூடு, அப்பா சொன்னதை நானும் சொல்கிறேன். ஜனவரி முடிவதற்குள் எதிலும் கையெழுத்துப் போடாமல் முதலில் எங்களுக்கு எழுது, தபால்தலை எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை. அப்பாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அது படகில் வரும், சத்தம் போடாது. அம்மா இருந்தால் நெற்றியில் வைத்திருக்கக்கூடிய முத்தத்தை அவளுக்குப் பதில் நான் வைக்கிறேன்.

உன் அப்பா
ஆஸ்பியோர்ன் (இடது கையால்)

அவர் சொல்லியும் சொல்லாமலும் எழுதியவள், உன் தங்கை
சுன்னேவா

இன்னும் உறையை ஒட்டவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்ததும் அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தார், நான் அடுப்புப் பக்கம் திரும்பிப் பாலைப் பார்ப்பது போல நின்றேன். ஒவ்வொரு தாளையும் புரட்டும் சத்தம் கேட்டது. கடைசித் தாளை வைத்துவிட்டு, "நீலம்னு எழுதலையே" என்றார். எது என்று கேட்டேன். "தொப்பி. நீல நிறம்" என்றார். தொப்பி என்ற சொல்லுக்கு மேலே சின்னதாக எழுதட்டுமா, தொப்பியையும் காலுறையோடு வைத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "தபால்ல நசுங்கிடும். அங்கயே ஆணியில இருக்கட்டும், வந்து எடுத்துக்கட்டும்னு எழுது" என்றார். நான் அதை இங்கே எழுதிவிட்டு, இரண்டாவது பத்திக்குத் திரும்பி, உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்ற வரியை ஒரே கோடு போட்டு அடித்தேன்.